பாஞ்சாலைக்குக் கொடுத்த மாத்திரை

கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த குசுமாவதிக்கு ஐம்பத்திரண்டு வயதில் அந்தச் சூடு ஆரம்பித்தது. மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. மார்கழிக் குளிரில் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்க, இவளுக்கு மட்டும் நெஞ்சிலிருந்து அனல் கிளம்பி முகத்துக்கு ஏறும். ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். யாராவது கேட்டால், "மாடி ஏறி வந்தேன்" என்பாள்.

அவள் குடியிருந்த வேங்கிக்காலில் பக்கத்து போர்ஷனில் இருந்த பாஞ்சாலைக்கும் இதே பாடுதான். அவளுக்கு ரமணாசிரமத்துப் பக்கம் சந்திரம்மாள் நடத்திய விடுதியில் சமையல் வேலை. நாள் முழுக்க அடுப்படி. ஹார்மோன் மாத்திரை கேட்டுப் போனவளுக்கு, கூடப்பிறந்த அக்கா மார்பில் புற்றுநோய் வந்து இறந்ததைத் தெரிந்துகொண்டு, ஆபத்து என்று டாக்டர் பொன்னி தர மறுத்துவிட்டார்.

இரண்டாயிரத்து ஒன்றில் அதே டாக்டர் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். ஹார்மோன் இல்லாத புது மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். மூன்று மாசம் சாப்பிட வேண்டும். பாதிப்பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப்பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

"தேன் கலந்திருக்குங்களா? நாங்க ஜைனருங்க, தேன் சேர்க்கமாட்டோம்" என்றாள் குசுமாவதி.

"தேன் இல்லம்மா. பூவோட மகரந்தம். தேனீ கொண்டாந்தது இல்ல, மெஷின்ல எடுத்தது. ஒண்ணே ஒண்ணு, ஒருத்தர் மாத்திரைய இன்னொருத்தர் சாப்பிடக் கூடாது."

ஒரு மாசத்திலேயே குசுமாவதிக்குச் சூடு நன்றாகக் குறைந்தது. ராத்திரி எழுந்து புடவை மாற்றுகிற வேலை இல்லை. பாஞ்சாலைக்கோ ஒன்றும் குறையவில்லை. ஒருநாள் தோசையைக் கல்லிலேயே விட்டுவிட்டு, ஓடிப்போய்க் குழாயடியில் தலையைக் காட்டி நின்றாள். சந்திரம்மாள் விடுதியில் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் முன்னாலேயே கத்தித் தீர்த்தாள். அன்று வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதவளைப் பார்க்கப் பொறுக்காமல், குசுமாவதி தன் டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"இத நீ சாப்பிடு. உன்னுத எனக்குக் குடு."

"அப்ப நீங்க என்னக்கா பண்ணுவீங்க?"

"எனக்குத்தான் கம்மியாயிடுச்சே."

பதினைந்து நாளில் பாஞ்சாலையின் முகம் தெளிந்துவிட்டது. குசுமாவதிக்கும் சூடு திரும்பவில்லை. ஆனால் மூன்று மாசம் முடிந்து டாக்டர் எதிரில் உட்கார்ந்தபோது, அவளுக்குப் பொய் வரவில்லை. மாற்றிக்கொண்டதைச் சொல்லிவிட்டாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்ல மனசுலதான் பண்ணீங்க. ஆனா உங்க ரெண்டு பேரையும் சோதனைக் கணக்குல சேர்க்க முடியாதுங்க."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது குசுமாவதிக்கு.

சோதனை முழுக்க முடிந்ததும் டாக்டர் மறுபடி கூப்பிட்டு விவரம் சொன்னார். குசுமாவதிக்குக் கொடுத்ததுதான் வெறும் மாவு; பாஞ்சாலைக்குக் கொடுத்தது நிஜ மாத்திரை.

பாஞ்சாலைக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நான் நடிச்சேன்றீங்களா டாக்டர்? மாவுக்கா சூடு அடங்குச்சு?"

"நடிக்கலம்மா. சூடும் நெஜம், அடங்கினதும் நெஜம். மாவு சாப்பிட்டவங்கள்ல நெறையப் பேருக்கு இப்படித்தான் குறைஞ்சிருக்கு. மாத்திரை அதுக்கு மேல ஜாஸ்தியா எதுவும் பண்ணல. அதனாலதான் சோதிச்சுப் பாக்குறது."

சித்திரை வெயிலில் பாஞ்சாலைக்குச் சூடு திரும்ப வந்தது. இந்தத் தடவை குசுமாவதி லீவு போட்டுவிட்டு அவளோடு விடுதிக்குப் போனாள்.  மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு என்ன ஆகிறது என்பதை, எதையும் மறைக்காமல் சந்திரம்மாளிடம் சொன்னாள். "மத்தியானத்துல மட்டும் இவள அடுப்புகிட்ட நிறுத்தாதீங்க. காய் நறுக்கட்டும், மாவு அரைக்கட்டும்."

சந்திரம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே போய்க் காற்றாடியைத் தூக்கி வந்து, காய் நறுக்கும் இடத்தில் வைத்தாள். பாஞ்சாலையை அங்கே உட்காரச் சொல்லிவிட்டு, குசுமாவதியைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தணித்துக் கேட்டாள்:

"அந்த டாக்டரம்மா சாயங்காலம் எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்க?"