மூட்டுத் தெரியாத கூண்டு

"எங்க ஒட்டியிருக்குன்னு கண்டுபிடி பார்ப்போம்," என்றார் அப்பா.

இரும்பு கேட் செய்யும் அவருடைய பட்டறை வாசலில் மகளுடைய பந்தயக் கார் நின்றது. உள்ளே ரோல் கேஜ்: வண்டி கவிழ்ந்தாலும் கூரை தலைமேல் இறங்காமல் தாங்கும் இரும்புக் குழாய்க் கூண்டு. வேலையிலிருந்து வந்த களைப்போடு ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்தவள், இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் விரலை ஓட்டினாள். கண்ணாடி மாதிரி வழுக்கியது.

இந்தக் கூண்டுக்காக அவள் படாத பாடு பட்டிருந்தாள். கடையில் ரெடிமேடாக விற்றவை பார்க்கத்தான் பளபளப்பு. தட்டினால் தகர டப்பா. "கேட்டுக்குப் போடுற பைப்பே போதும்" என்ற அப்பாவோடு மல்லுக்கட்டி, நீளவாக்கில் ஒட்டுப் போடாத, தையல் இல்லாத குழாய்தான் வேண்டும் என்று சாதித்தாள். சீட் பெல்ட் வாங்கப் போன கடையில் வேறு கூத்து. "ஓட்டப்போறது தம்பியா, வீட்டுக்காரரா?" என்றார் கடைக்காரர். "நான்" என்றதும் ரோஸ் கலர் பெல்ட்டை எடுத்துப் போட்டார். ஆறு பட்டை வேண்டும், தோள் பட்டைகளை நேர் பின்னால் கூண்டில்தான் மாட்ட வேண்டும், தரையில் மாட்டினால் மோதும்போது முதுகெலும்பை நசுக்கிவிடும் என்று அவள் விளக்க, "படிச்ச திமிரு" என்று சிரித்தார். திமிர்தான். அவள் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் அது வாய்த்ததில்லை.

அப்பாவிடம் எல்லாம் சொன்னவள் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றவே இல்லை. கேட் செய்கிறவர்கள் வெல்டிங் வைத்த இடத்தில் புடைத்து நிற்கும் மேட்டை ராவி மழமழவென்று ஆக்கிவிடுவார்கள்; மேடு தெரிந்தால் கத்துக்குட்டி வேலை என்று ஊர் சிரிக்கும். கூண்டுக்கோ பலமே அந்த மேட்டில்தான். ராவிய கூண்டைப் பந்தயத்துக்கு முன் நடக்கும் வண்டிச் சோதனையில் வாசலோடு திருப்பிவிடுவார்கள். பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. அவளுக்கு முதல் பந்தயம்.

"யாருப்பா ராவச் சொன்னா?"

"இதெல்லாம் ஒருத்தர் சொல்லணுமா?"

"கவிழ்ந்தா அந்த இடத்துலதான் பிட்டுக்கும்."

"என் வெல்டிங்கா? நான் வெச்ச கேட்ல லாரியே மோதியிருக்கு. அசையல."

"அந்த கேட்டுக்குள்ள யாராவது பெல்ட் போட்டு உக்காந்திருந்தாங்களா?"

அப்பா துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். சுத்தமான கையையே மறுபடி மறுபடி துடைத்தார்.

"உன் தலை படுற இடம், பாப்பா. சொரசொரன்னு இருந்தா கிழிச்சிடுமேன்னு..."

அசட்டையாகச் செய்திருந்தால் வாய்க்கு வந்தபடி கத்தியிருக்கலாம். இப்போது கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? கார் கதவை எட்டி உதைத்தாள். கால்தான் வலித்தது.

"மேலேயே இன்னொரு தடவை வெல்டிங் ஓட்டிடறேன். ராவ மாட்டேன்," என்றார் அப்பா.

"பைப்பையும் சேர்த்துல்ல தேச்சிருக்கே. எவ்வளவு மிச்சம்னு யாருக்குத் தெரியும்? எல்லாத்தையும் வெட்டணும்."

"அப்ப ஞாயித்துக்கிழமை?"

அப்பா கட்டிங் மெஷினை எடுத்து வந்தார். ஆன் செய்யாமல் அவளிடம் நீட்டினார்.

"நீயே வெட்டு. என்னால ஆகாது."

பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓட்டுநர் தலைக்கு மேலிருந்த மூட்டில் மெஷினின் வெட்டுச் சக்கரத்தை வைத்தாள். வீல் என்று கத்தியது இரும்பு. புதுப் பெல்ட் கருகாமலிருக்க அப்பா ஒரு ஈரச் சாக்கை சீட்டுக்கு மேல் இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தார். தீப்பொறிகள் சாக்கில் விழுந்து அணைந்தன. சில அவர் முழங்கையில் விழுந்தன. அவர் கையை எடுக்கவில்லை, அவளும் நிறுத்தவில்லை.