இருக்கையில் விரித்த சாக்கு

1961ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 14ஆம் திகதி, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, முல்லைத்தீவு மீன் வியாபாரி யாகப்புவின் மனைவி மார்கிறட் வவுனியாவில் சாரதிப் பரீட்சைக்குத் தோற்றினாள். யாகப்புவுக்குப் பார்வை மங்கிவிட்டது. முற்றத்தில் நிற்கும் மீன் ஏற்றும் வானை இனி அவள் ஓட்டவேண்டும், இயலாவிட்டால் விற்கவேண்டும்.

சாரதிப் பள்ளியில் அவளைப் பழக்கிய ஐயாத்துரை கைதேர்ந்த சாரதி, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பள்ளிக் காரில் அவள் ஏறுமுன் ஒவ்வொரு முறையும் சாரதி இருக்கையில் ஒரு சாக்கை விரிப்பார். அவளோடு பழகிய அக்கராயன் கமக்காரன் கனகலிங்கம் வயற்சேறு காயாத காலோடு ஏறுவான்; அவனுக்குச் சாக்கு இல்லை.

"தம்பி, கிளச்சை மெல்ல விடுங்கோ" என்பது கனகலிங்கத்துக்கு.

"ஏய், வள்ளம் தள்ளுற மாதிரி மிதிக்காதை" என்பது அவளுக்கு.

முதல் நாளே அவள் கேட்டாள்: "குளிச்சு, வெளுத்த சீலை உடுத்தெல்லோ வந்தனான். சாக்கு ஏன் அண்ணை?"

"உனக்குப் பிறகு மற்றச் சனமும் இதிலை இருக்கவேணும். மீன் வெடில் நாத்தம் லேசிலை போகாது."

லைசன்ஸ் கிடைக்கும்வரை வாயைக் கட்டுவதென்று அவள் தீர்மானித்தாள். வழவழப்பான இருக்கையில் சாக்கு நில்லாது; பிரேக் போட்டால் முன்னே வழுக்கும். இரு கைகளாலும் ஸ்ரியரிங்கை இறுகப் பற்றியே நிறுத்தப் பழகினாள்.

பரீட்சையன்றும் ஐயாத்துரை சாக்கை விரித்தார். அங்கோ, வலக்கையை வெளியே நீட்டிச் சைகை காட்டி நிறுத்தவேண்டும். கையை எடுத்தாள், சாக்கு வழுக்கியது, கால் பிரேக்கிலிருந்து நழுவியது. கார் மதகுச் சுவரில் இடித்து நின்றது.

"இந்தச் சாக்கு ஏன்?" என்று பரிசோதகர் கேட்டார்.

பின்னால் இருந்த ஐயாத்துரை முந்திக்கொண்டார்: "அவாவுக்கு உயரம் காணாது, ஐயா."

மூன்று மாதங்களில் அவளை அவர் மரியாதையாக 'அவா' என்றது அன்றுதான். மார்கிறட் அவரைவிட ஒரு சாண் உயரம்.

"உயரத்துக்கில்லை ஐயா. நான் மீன்காரி எண்டு விரிச்சது. சாக்கை எடுத்துப்போட்டு இன்னொருக்கா ஓட விடுங்கோ."

பரிசோதகர் சாக்கைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பரீட்சைக் கடிதாசியைப் பார்த்தார். "அது உங்கடை ஆக்களின்ரை கதை, பிள்ளை. நான் பாக்கிறது கார் ஒழுங்கா நிண்டதோ எண்டதை மட்டுந்தான்."

முடிவு இதுதான். மார்கிறட் சித்தியடையவில்லை, மூன்று மாதங்களின் பின் மீண்டும் தோற்றலாம். தன்னைப் பிறர் முன் தலைகுனியவைத்தவளை இனிப் பழக்குவதில்லை என்றார் ஐயாத்துரை. பள்ளி உரிமையாளரும் அதற்கு இணங்கினார். அவள் போய்வரக்கூடிய தூரத்தில் வேறு பழக்குநர் இல்லை. ஆகவே, அந்த மாத முடிவில் வானை விற்பதென்று யாகப்புவும் மார்கிறட்டும் தீர்மானித்தார்கள்.