பஞ்சுருண்டை ஏறிப் போன மாடிப்படி

அந்த ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில், சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரில் மருந்துப்பொடி போட்டுக் கொதிநீரில் வைத்தால், கண்ணாடிக் குழாயின் வாய்வழியே முழ நீள மஞ்சள் துடைப்பங்கள் முளைத்தன. மற்ற இடங்களில் இவை மைக்ராஸ்கோப்பில் தேட வேண்டிய ஊசிப் படிகங்கள்; இங்கே கையால் பிடுங்கலாம். பெருக்கும் அம்மாள் பத்து வருடமாகக் கடையில் துடைப்பமே வாங்கவில்லை. "நல்லா நீளமா ஒண்ணு வேணும்மா. அந்தச் சர்க்கரை முத்தின மேனேஜர் ஐயா இந்த வாரம் சோதனைக்கு வரலையா?" என்று குழாயக்காவைக் கேட்பாள்.

சோதனை செய்பவளுக்கு எல்லாரும் வைத்த பெயர் குழாயக்கா. அவளுடைய தங்கைக்கு அதே ஆஸ்பத்திரியில் பிரசவமாகி ஆறாம் நாள், நீல மருந்தில் சிறுநீர், சர்க்கரை உண்டு என்று செங்கல் நிறம் காட்டியது. புதிதாக வந்த டாக்டர் சர்க்கரை வியாதி என்று எழுதி, பன்னிரண்டு மணிக்கு ஊசி என்றார்.

"அக்கா, புள்ளையத் தொடவே பயமா இருக்கு. அதுக்கும் ஒட்டிக்குமா?"

"ஒட்டிக்க இது என்ன பசையா? பேசாம பால் குடுடி."

வாய் அப்படிச் சொன்னாலும், கீழே வந்ததும் தங்கையின் சிறுநீரில் பொடி போட்டுக் கொதிநீரில் வைத்தாள். நீல மருந்து காட்டியது தாய்ப்பாலின் சர்க்கரையாகவும் இருக்கலாம். அப்படியானால் ஊசி ஆளையே சாய்த்துவிடும். அரைமணி கொதித்தும் துடைப்பம் வரவில்லை.

"ஒண்ணுமே வரலையே. பச்சைத் தண்ணியில வச்சு ஆத்துங்க, நேரமாகுது" என்றார் டாக்டர்.

"சூட்டுல வரலைன்னாலே பாதி நல்ல சேதி, டாக்டர். பால் சர்க்கரை தானா ஆறினாத்தான் வரும்."

வேலைக்குச் சேர்ந்த வருடம் இப்படித்தான் அவசரமாக ஆற்றி, படிகம் தூளாகி, ஒரு தாய் மூன்று வாரம் வீணாக ஊசி குத்திக்கொண்டு மயங்கி மயங்கி விழுந்தாள். குழாயக்கா அதை மறக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக் குழாய்க்கு எதிரே உட்கார்ந்தாள்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கடுகளவு வந்தது. பிறகு எலுமிச்சை அளவு. பிறகு தேங்காய் அளவில் ஒரு மஞ்சள் பஞ்சுருண்டை வெளியே வந்து, மிதந்தபடி மாடிப்படி ஏறிப் பிரசவ வார்டுக்குள் போனது. டாக்டர் ஊசியோடு பின்னாலேயே போனார். உருண்டை தங்கையின் கட்டிலுக்கு நேர் மேலே நின்றது. அவர் ஊசிக்கு மூடி போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"எப்பவும் இப்படித்தானா?"

"பாலுன்னா இப்படித்தான்."

குழந்தை இரண்டு வயதுவரை பால் குடித்தது. பிறகு இயந்திரங்கள் வந்தன. விரல்நுனியில் ஒரு துளி, உடனே எண். எதையும் ஆறவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கும் சுகம் குழாயக்காவோடு போயிற்று. உருண்டை மட்டும் இடத்தைவிட்டு நகராததால், அந்தக் கட்டிலின் மேலிருந்த மின்விசிறியைக் கழற்றி அடுத்த வார்டில் மாட்டினார்கள்.