டீச்சர் தொண்டை

கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்றால் தொண்டை கட்டத்தான் செய்யும். நாற்பது பிள்ளைகளிடம் நாள் முழுக்கக் கத்தினால் வேறென்ன ஆகும்? அதைப் போய் யாராவது நோய் என்பார்களா? லோகேஸ்வரியும் சொன்னதில்லை. அவளுக்கு இருந்த நோய் வேறு: லூப்பஸ். உடம்பு தன் மூட்டையும் தோலையும் தானே தாக்குகிற பாழாய்ப்போன நோய். அது ஒருவழியாக அடங்கி, இனி பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று டாக்டர் மெஹ்ரின் சொன்ன அன்று, அவள் கணவன் பரமேஸ்வரன் கிளினிக் இருந்த பிரிக்பீல்ட்ஸ் முழுக்க லட்டு கொடுக்காத குறைதான்.

அடுத்த மாதமே முழங்கால்கள் வீங்கின. லூப்பஸ் திரும்பிவிட்டதென்று இருவரும் இடிந்துபோனார்கள்.

"தொண்டை வலி ஏதும் வந்துச்சாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

பரமேஸ்வரன் முந்திக்கொண்டான். "அது டீச்சர் தொண்டை லா, டாக்டர். எப்பவும் இருக்கும். கற்கண்டு கொடுத்தா சரியாயிடும்."

சிரித்தான் வேறு. டாக்டர் சிரிக்கவில்லை. லூப்பஸ் மாத்திரை காய்ச்சலை அமுக்கிவிடும், தொண்டையைப் பிடிக்கிற ஸ்ட்ரெப் கிருமி சத்தமில்லாமல் ஒளிந்திருந்து மூட்டை வீங்க வைக்கும் என்றார். அதை எதிர்த்து ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஊறியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்.

ஊறியிருந்தது, எக்கச்சக்கமாக.

"அப்போ லூப்பஸ் இல்லையா? வெறும் கிருமிதானா?" பரமேஸ்வரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கிருமிக்குத்தான் மருந்து இருக்கிறதே! பாவம், இதய ஸ்கேன் எடுக்கும்வரை இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

"இந்தத் தொண்டைக் கிருமி பல தடவை வந்து போயிருக்கும்மா. மருந்து கொடுக்காம விட்டா இதயத்தையும் தாக்கும். உங்க இதய வால்வு ரொம்பக் கெட்டிருக்கு," என்றார் டாக்டர். "இந்த இதயத்தோட பிள்ளை வேணாம். உங்க உயிருக்கே ஆபத்து."

கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில், ஆட்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் பரமேஸ்வரன் அழுதான். எத்தனை முறை தன் கையாலேயே கற்கண்டை நீட்டியிருப்பான்!

லோகேஸ்வரி அழவில்லை. "அத்தை கேப்பாங்க. என்னால முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. என்னால தாங்க முடியாது," என்றாள்.

சொல்லி வாய் மூடவில்லை, அவன் அம்மா போனில் அழைத்தாள்.

"நாங்க பிள்ளை வேணாம்னு முடிவு பண்ணிட்டோம்மா," என்றான்.

"என்னடா உளர்றே? அவ சொல்லிக் கொடுத்தாளா?"

"இல்லம்மா. அவளுக்கு ஆசைதான். எனக்குத்தான் பிள்ளைங்கன்னாலே பிடிக்கல," என்று சொல்லிவிட்டு, விம்மல் அம்மாவுக்குக் கேட்டுவிடாமல் வாயை இறுகப் பொத்திக்கொண்டான்.