மைக்கில் படித்த எடை

பள்ளிகளுக்குப் போய் உடல் பருமன் பற்றிப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வதுதான் ஏலவார்குழலியின் வேலை. ஒரு சிறிய அறக்கட்டளையில் ஊட்டச்சத்து ஆலோசகராக இருந்தாள். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கு அவள் போனது மதியச் சாப்பாடு முடிந்த நேரம். எட்டாம் வகுப்பு அடங்கவேயில்லை. எப்படியாவது அவர்களைத் தன் பக்கம் திருப்ப வேண்டுமென்று, மூன்றாவது வரிசையில் இருந்த பருமனான பெண்ணைக் கூப்பிட்டு எடை மெஷினில் நிற்கச் சொன்னாள். பெயர் நௌஷீன் என்றாள் அந்தப் பெண்.

"அறுபத்தெட்டு கிலோ" என்று ஏலவார்குழலி மைக்கில் படித்தாள். "தினம் எத்தனை பாக்கெட் சிப்ஸ்மா?"

வகுப்பு சிரித்தது. அதற்குப் பிறகு எல்லாரும் காது கொடுத்துக் கேட்டார்கள். இவ்வளவு நன்றாக யாரும் பேசியதில்லை என்று தலைமையாசிரியை சொன்னதை அன்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

ஐந்து வாரம் கழித்து வகுப்பாசிரியை காவேரி போன் செய்தார்.

"மேடம், அந்த நௌஷீன் காலையில பிரேயர்ல மயங்கி விழுந்துட்டா. டிபன் பாக்ஸைப் பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் குடுத்துட்டு, வெறும் தண்ணி குடிச்சிக்கினு இருந்திருக்கா. நீங்க வந்துட்டுப் போன நாள்லேருந்து அப்படித்தானாம்."

மறுநாள் ஏலவார்குழலி அந்த வீட்டைத் தேடிப் போனாள். நௌஷீனின் அம்மா ஷமீம் பானு ஜரிகை வியாபாரம் செய்பவள். இவள் யாரென்று தெரிந்ததும் முகம் மலர்ந்து நாற்காலி போட்டு டீ கொடுத்தாள்.

"உங்களுக்குத்தாம்மா நன்றி சொல்லணும். நான் எவ்ளோ சொல்லியும் கேக்காதவ, நீங்க பேசினப்புறம் ஒன்பது கிலோ இறங்கிட்டா. நேத்து வெயில்ல கொஞ்சம் மயக்கம், அவ்ளோதான். இவ அக்காவுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

கதவோரம் நௌஷீன் நின்றிருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. அம்மாவிடம் அவள் எதையும் சொல்லவில்லை என்பது ஏலவார்குழலிக்குப் புரிந்தது. பேசாமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடலாம். இந்த வீட்டில் யாருக்கும் தெரியவராது.

"அது வெயில் இல்லைங்க" என்றாள். மைக், கிலோ, சிரிப்பு, டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் சொன்னாள். "தப்பு என்னோடது."

ஷமீம் பானு மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நானும் சந்தோஷப்பட்டுக்கினு இருந்தேனே" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நௌஷீன், உங்க கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்மா."

"வேணாம் மிஸ்" என்றாள் அந்தப் பெண். "மறுபடியும் எல்லாரும் என்னைத்தான் பாப்பாங்க." பிறகு அவளே சொன்னாள்: "நான் சிப்ஸே சாப்பிட மாட்டேன். நீங்க கேட்டுட்டு, நான் பதில் சொல்றதுக்குள்ள அடுத்ததுக்குப் போயிட்டீங்க."

ஏலவார்குழலியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று மாலையே மூவரும் டாக்டரிடம் போனார்கள். வாராவாரம் வரச் சொன்னார் டாக்டர். மாதம் ஒன்றானபோது நௌஷீன் மதியம் பாதி டப்பாவாவது சாப்பிடுகிறாள் என்று காவேரி சொன்னார்.

இப்போது ஏலவார்குழலி பிள்ளைகளைத் தனி அறையில் ஒவ்வொருவராகத்தான் எடை பார்க்கிறாள். எடையை அவரவரிடம் மட்டும் சொல்லி, என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்கிறாள். அந்தப் பள்ளிக்கு மறுபடி போனபோது நௌஷீன் எதிரே வந்தாள். இவளைக் கண்டதும் பக்கத்து வகுப்புக்குள் நுழைந்துகொண்டாள். ஏலவார்குழலி கூப்பிடவில்லை.