மேடையில் வாசிக்காத சோலோ

இறந்துபோன அப்பாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்த மகள் இடது கையின் நடுவிரலுக்கு வந்திருந்தாள். மூன்று வார ஆஸ்பத்திரியில் அந்தக் கையில் நகம் வளர்ந்துவிட்டது. கிட்டார் கம்பியை அழுத்தும் கை அது. நகம் வளர்ந்து அவள் பார்த்ததே இல்லை. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சவப்பெட்டியை மூட வந்தவர் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள், நகவெட்டியைக் கீழே வைக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், கூடத்தில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கிட்டார் பிடித்த மூன்று தலைமுறை வந்திருந்தது. யார் பெரிய கிட்டார்காரன் என்பது சாவிலும் அவர்களுக்கு முடிவாகவில்லை. அப்பா வயதுக்காரர்கள் வேகம் என்றார்கள். அந்தக் காலத்தில் மற்றதெல்லாம் கிடையாது, விரல்தான். நடுவயதுக்காரர்களுக்கு ஒலி, காலடியில் ஏழெட்டுப் பெடலைப் பரப்பிக் கிட்டாரை அழவும் உறுமவும் வைப்பவன்தான் ஆள். இளசுகள் இரண்டும் இல்லை என்றார்கள். வேகத்துக்குக் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒரே ஒரு சுரத்தில் ஆள் யாரென்று தெரிய வேண்டும்.

எல்லோரும் ஒத்துப்போனது ஓரிடத்தில்தான். அப்பாவுக்குப் பேர் வாங்கித் தந்த அந்தப் பாட்டின் சோலோ, நடுவில் கிட்டார் மட்டும் தனித்து மேலேறும் இடம். இத்தனை வருடம் ரேடியோவில் ஒலித்ததை அப்பா மேடையில் ஒரு தடவைகூட அப்படியே வாசித்ததில்லை; ஒவ்வொரு முறையும் வேறொன்று. செய்ததையே திருப்பிச் செய்யாதவன், அதனால்தான் பெரியவன் என்றது ஒரு குரல்.

மகளுக்கு அது பழைய செய்தி. பள்ளிக்கூடத்தில் அதற்காகவே அடிதடி வரை போயிருக்கிறாள். இன்னும் அரைமணியில் அந்தப் பாட்டைப் போடப் போகிறார்கள். அதற்கு முன் மைக்கில் அவள் சொல்ல வேண்டிய இரண்டு வரியை, அப்பாவின் அந்த சோலோவைப் பற்றி, எழுதி வைத்திருந்தாள்.

டிரம்மர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அப்பாவின் குழுவில் கடைசிவரை இருந்தவர்களில் இப்போது மிஞ்சியவர் அவர் ஒருவர்தான். எழுதியதை வாங்கிப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இத வாசிக்காத, பாப்பா."

"ஏன் மாமா?"

"அந்த சோலோ உங்கப்பன் வாசிச்சது இல்ல."

நின்றபடியே சொல்லி முடித்தார். பதிவு நாளில் இரண்டு கிட்டார். ஒன்று அப்பா; சோலோ வாசித்தவன் நெட்டை என்று அவர்கள் கூப்பிடும் இன்னொருவன். இசைத்தட்டின் அட்டை அச்சாவதற்குள் அவன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான், அட்டையிலிருந்து அவன் பெயரும் போய்விட்டது. பெயரைச் சேர்க்கச் சொல்லி அப்பா இசைத்தட்டுக் கம்பெனிக்கு இரண்டு கடிதம் போட்டார். அச்சானது அச்சானதுதான் என்று பதில் வந்தது. நெட்டையும் விட்டுவிடு என்று எழுதிவிட்டான்.

"அதனாலதான் மேடையில வேற வேற வாசிச்சாரா?"

"அடுத்தவன் வாசிச்சத என் பேர்ல வாசிக்க மாட்டேன்னான். தெரியாம இல்ல, ரூம்ல அச்சு அசலா வாசிப்பான். ஊரு அத வேற மாதிரி எடுத்துக்கிச்சு. நாங்களும் நல்லதாப் போச்சுன்னு இருந்துட்டோம்."

"இப்ப இத நான் சொன்னா அப்பாவுக்குன்னு என்ன மிச்சம் மாமா?"

டிரம்மர் பெட்டியைப் பார்த்தார்.

"சோலோவுக்கு அடியில கேட்டிருக்கியா? நாலஞ்சு கம்பிய ஒண்ணா மீட்டுற கார்ட்ஸ், ரெண்டே ரெண்டு, மாத்தி மாத்தி. அது உங்கப்பன். அன்னிக்கு நெட்டை பாதியில தடுமாறிட்டான். இவன் நகரல. அவன் திரும்பி வர்ற வரைக்கும் அந்த ரெண்டுலயே நின்னான். அந்தத் தடுமாறின இடத்தைத்தான் எல்லாரும் ஆகா ஓகோங்கறாங்க." கொஞ்சம் பொறுத்து, "நான் அடிச்சது எவன் காதுலயும் விழல," என்றார். பிறகு, நெட்டை வந்திருப்பதாகவும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னார்.

அவள் மீதி இரண்டு விரலையும் முடித்தாள். நகத்துணுக்குகளைக் காகிதத்தில் மடித்தாள். அது அந்த இரண்டு வரி எழுதிய காகிதம்.

மைக்கின் முன்னால் அதிகம் பேசவில்லை.

"இந்தப் பாட்டுல சோலோ எங்கப்பா வாசிச்சது இல்ல. வாசிச்சவர் கடைசி வரிசையில இருக்கார். அட்டையில அவர் பேர் விட்டுப்போச்சு. எங்கப்பா அடியில வாசிச்சிருக்கார். அதக் கேளுங்க."

நாற்காலிகள் முனகின, தலைகள் பின்னால் திரும்பின. வகுப்பில் பெயர் கூப்பிட்டதுபோல, ஒல்லியான ஒரு கிழவர் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் எழுந்து நின்றார்.

பாட்டு ஓடியது. சோலோ வந்தது. அவளுக்கு முதலில் மேலே பறப்பது மட்டும்தான் கேட்டது, எப்போதும்போல. பிறகு, நீந்துகிறவன் காலில் தரை தட்டுவதுபோல, அது கேட்டது. இரண்டு கார்ட்ஸ். மேலே இருந்தவன் ஓரிடத்தில் வழி தவறினான்; அவை அவசரப்படவில்லை, ஒதுங்கவும் இல்லை.

சோலோ முடிந்ததும் கூட்டம் மூச்சு விட்டது. ரேடியோவில் எப்போதும் அந்த இடத்தில் விளம்பரம் வந்துவிடும். ஒலிபெருக்கிக்காரர் பாட்டை நிறுத்தத் திருகில் கை வைத்து அவளைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

பாட்டின் வாலில் அந்த இரண்டு கார்ட்ஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தன. ஆட்கள் குனிந்து பைகளைத் தேடத் தொடங்கியிருந்தார்கள். கடைசி வரிசையில் நெட்டை இன்னும் உட்காரவில்லை.