இணைப்பு: ஒன்று

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் தங்கை ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னாள். மிஞ்சினால் பன்னிரண்டு வரி. அதைத் தள்ளிப்போடுவதற்காக இதை எழுதுகிறேன். கதை எழுதிக்கொண்டிருப்பவனிடம் யாரும் "முடிச்சிட்டியா?" என்று கேட்பதில்லை. முடித்துவிடுவானோ என்றுதான் பயப்படுகிறார்கள்.

தங்கை நெடுந்தூர ஓட்டக்காரி. ஓடுவதுதான் அவளுக்குத் தொழில். நான் ஓர் அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறேன். மற்றவர்கள் படிவத்தில் எழுதும் பொய்யைக் கண்டுபிடிப்பது என் வேலை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் சிரிக்க உதவும்.

2.

முதல் தொடக்கம்: "புது நாட்டில் வந்திறங்கிய அந்தச் சிறுமியின் கால்களில் அன்றே ஒரு வேட்கை —"

அடித்துவிட்டேன். அவள் கால்களில் அன்று இருந்தது பெரியம்மா மகளின் பழைய செருப்பு. ஓர் அளவு பெரியது.

இரண்டாம் தொடக்கம்: "அவள் எதிலிருந்து ஓடினாள்?"

விளையாட்டு நிருபர்களுக்கு உயிரான கேள்வி இது. குடிபெயர்ந்து வந்தவள் ஓடினால் எதிலிருந்தோ தப்பித்து ஓடியிருக்க வேண்டும். இங்கேயே பிறந்தவள் ஓடினால் அதற்குப் பெயர் திறமை. நாங்கள் விமானத்தில் வந்தோம். அவள் வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். அன்று ஓடியவர் அப்பா ஒருவர்தான், காகிதப் பை கேட்டு.

மூன்றாம் தொடக்கம்: அனுப்புநர், பெறுநர், பொருள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எனக்குக் கற்றுத்தந்த ஒரே உருப்படியான இலக்கிய வடிவம். [தங்கை கேட்பதும் இதைத்தான். ஆகவே இதையும் விட்டுவிடுவோம்.]

3.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். இருபத்தைந்து வருடத்துக்கு முன், குடியேற்ற அலுவலகத்தில் ஒரு நீளமான கூடம். தரையில் ஆணி அடித்த நாற்காலிகள், கயிற்றில் கட்டிய பேனா. எனக்குப் பதினைந்து வயது. குடும்பத்திலேயே நல்ல கையெழுத்து என்னுடையது என்பதால் படிவம் என் மடியில் இருந்தது.

"பன்னெண்டு வயசு தாண்டிட்டா மொழித் தேர்வு எழுதணுமாம்," என்றார் அப்பா. "இவளுக்கு இந்த ஊர் பாஷையில தண்ணி கேக்கக்கூடத் தெரியாது. பெயிலாயிட்டா தனியா எங்கயோ கொண்டுபோய் விட்டுடுவாங்க."

"இவளுக்குப் பதிமூணு ஆகுதேப்பா."

"பார்த்தா பதிமூணு மாதிரியா இருக்கா? ரெண்டு குறைச்சுப் போடுடா."

குறைத்துப் போட்டேன், அழகான கையெழுத்தில். அப்பா படிக்காமலே கையெழுத்திட்டார். அதுதான் என் முதல் புனைகதை.* எந்த ஆசிரியரும் திருத்தவில்லை, எந்த விமர்சகரும் குறை சொல்லவில்லை. ஒரே வாரத்தில் முத்திரையோடு ஏற்கப்பட்டது. அப்படி ஒரு வெற்றி எனக்கு அதன்பின் வாய்க்கவில்லை.

(* பிறப்புச் சான்றிதழ் பயணத்தில் தொலைந்துவிட்டதாக இன்னொரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அது என் இரண்டாவது கதை. சான்றிதழ் அம்மாவின் அலமாரியில், போர்வைகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.)

4.

பதினொரு வயதுக் குழந்தைகளோடு பதிமூன்று வயதுப் பெண்ணை ஓடவிட்டால் என்ன ஆகும்? மேதை பிறப்பாள். உடற்பயிற்சி ஆசிரியர் கண்கலங்கினார். பயிற்சியாளர் வீடு தேடி வந்து, "இது ரத்தத்துலயே இருக்கு," என்றார். அப்பா தன் ரத்தத்தை நினைத்துக் கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தார்.

பதினெட்டு வயதுக்குட்பட்டோர் பிரிவில், மூவாயிரம் மீட்டரில், அவள் வைத்த சாதனை பத்தொன்பது வருடமாக நிற்கிறது. காகிதப்படி அப்போது அவளுக்குப் பதினேழு. வீட்டுக்கணக்குப்படி பத்தொன்பது. எங்கள் வீட்டில் அவளுக்கு இரண்டு வயது: ஒன்று வீட்டுக்குள் போட்டுக்கொள்ள, ஒன்று வெளியே போட்டுக்கொண்டு போக.

அதன்பின் எல்லோரும் வளர்ந்துவிட்டார்கள். அதைத் தடுக்க எந்தப் படிவமும் இல்லை. பெரியவர்கள் பிரிவில் அவள் நான்காவதாக வந்தாள். மறுபடி நான்காவது. பத்திரிகைகள், "சீக்கிரம் மலர்ந்த பூ சீக்கிரம் வாடியது" என்று எழுதின. வாடிய பூ பதினெட்டு வருடமாகத் தினமும் முப்பது கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

5.

போன மாதம் ஒரு போட்டிக்கு அவளைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். திரும்பி வந்தவள் காலணியைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேசையில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஒரு பொண்ணு என் சாதனைய ஒன்றரை நொடியில தவற விட்டா."

"நல்லதுதானே. உன்னுது நிக்குது."

"அவளுக்குப் பதினேழு. நிஜமாவே பதினேழு. தரையில உட்கார்ந்து அழுதா. நான்தான் பூங்கொத்து குடுத்தேன். 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்மா'ன்னு முதுகுல தட்டினேன். அடுத்த வருஷம் அவளுக்குப் பதினெட்டு. அந்தப் பிரிவுலயே ஓட முடியாது."

நான் காபிக் கோப்பையைக் கழுவினேன். அது ஏற்கெனவே கழுவியது.

"தடகளச் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் குடு. சான்றிதழையும் வெச்சு அனுப்பலாம்."

"பதக்கத்தையெல்லாம் திருப்பிக் கேப்பாங்க."

"குடுத்துடலாம். துடைச்சுத் துடைச்சு எனக்கும் அலுத்துப்போச்சு."

"என் வேலை போயிடும்டீ."

"உனக்குப் பதினஞ்சு வயசு. அப்பா சொன்னார், எழுதினே. அதையும் சேர்த்து எழுது."

"அப்புறம் உன்கிட்ட என்னதான் மிஞ்சும்?"

"நாலாவது இடம். பதினோரு தடவை." அவள் சிரித்தாள். "அது மட்டும்தான் நானா ஓடி வாங்கினது. அதை யாரும் எனக்கு எழுதித் தரல."

[இந்த வசனம் நன்றாக இருக்கிறது. நான் எழுதியதல்ல, அவள் சொன்னது. என்னுடையதாக இருந்திருந்தால் இன்னும் இரண்டு உவமை இருந்திருக்கும்.]

6.

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. தங்கையின் மேல் இல்லை. அண்ணன். இவன் தங்கைக்காகப் பயப்படுகிறானா, தன் நாற்காலிக்காகவா? வாசகர் நம்பும்படி இவனுக்கு ஒரு நல்ல குணமாவது கொடுக்க வேண்டும். யோசித்துப் பார்த்தேன். கையெழுத்து நன்றாக இருக்கும்.

7.

இன்று காலை கடிதத்தை எழுதி முடித்தேன். ஐயா, வணக்கம், கீழ்க்கண்ட உண்மையைத் தங்கள் பார்வைக்கு. கடைசி வரி: "இணைப்பு: பிறப்புச் சான்றிதழ், ஒன்று." அவள் படிக்காமலே கையெழுத்திட்டாள். எங்கள் குடும்ப வழக்கம். உறையை ஒட்டியவன் நான்.

வாசலில் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டியவள் உறையைக் கையில் வாங்கினாள்.

"லேசா இருக்கே அண்ணா?"

"காகிதம் பின்ன கல்லு மாதிரியா கனக்கும்?"

ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு ஓடிவிட்டாள்.

இணைப்பு இல்லாமல் வரும் கடிதங்களுக்கு எல்லா அலுவலகத்திலும் ஓர் அலமாரி உண்டு. எங்கள் அலுவலகத்து அலமாரியின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. அந்த மாதிரிக் கடிதங்களுக்கு யாரும் பதில் போடுவதில்லை. யாருக்கும் வேலை போவதில்லை. அந்தப் பெண்ணின் ஒன்றரை நொடியும் அங்கேயே கிடக்கும்.

சான்றிதழ் என் மேசைமேல், இந்தத் தாளுக்கு அடியில் இருக்கிறது. மடிப்புகளில் நைந்திருக்கிறது. ஆண்டு மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

முடிவு அ: மறுபடி போர்வைகளுக்கு அடியில் —

முடிவு ஆ: தபால்பெட்டி தெருக்கோடியில், அறுநூறு மீட்டரில். அவளுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. எனக்கு நாற்பது வயது, தொப்பை. அவளை ஓடி முந்தியவர்கள் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு முறையும் சரியாக மூன்று பேர் இருந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கையில் சான்றிதழை வைத்துக்கொண்டு ஓடவில்லை.

இதை எழுதும்போது ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டேன். மற்றது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நீங்கள்தான் கொஞ்சம் குனிந்து எடுத்துத் தர வேண்டும். சீக்கிரம்.